செல்வராணியின் சந்தேகங்கள்

தோளுக்கு முதன்முதலாகப் பேசக் கற்றுக்கொடுத்தது நான்தான். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. இரண்டு கல்லூரி விழாக்களில் மேடையேறிச் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகள் கைதட்டினார்கள். இப்போது யாராவது கேட்டால், செயலிக்கு நிறமும் எழுத்துருவும் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோள் என்பது ஸ்டார்ட்அப் ஆரம்பித்தவர்களுக்கு ஆலோசனை சொல்லும் செயற்கை நுண்ணறிவு. பெயர் வைத்தவர் எங்கள் நிறுவனர் நரேன். தனியாகத் தவிக்கிறவனுக்குத் தோள் கொடுக்கிறோம் என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார். தரமணியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் அலுவலகம். மொத்தம் ஆறு பேர். அதில் டிசைனர் நான் ஒருத்தி. ஒரே டிசைனர் என்றால் என்னவென்று அந்த வேலையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். திரையில் வரும் ஒவ்வொரு பொத்தானும் நான், அதன்மேல் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் நான், விசிட்டிங் கார்டு நான், வாசலில் ஒட்டிய 'செருப்பை வெளியே விடவும்' கூட நான்தான். செய்ததைப் பார்த்து இது சரியில்லை என்று சொல்ல இன்னொரு டிசைனர் கிடையாது.

வேலையை முறையாகத்தான் ஆரம்பித்தேன். முதல் மாதம் முப்பது நிறுவனர்களைத் தேடிப் போய்ப் பேட்டி எடுத்தேன். உங்களுக்கென்று ஓர் ஆலோசகர் இருந்தால் என்ன கேட்பீர்கள்? சந்தை, வளர்ச்சி, போட்டியாளர் என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். ரெக்கார்டரை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது லிஃப்ட் வரை கூட வருவார்கள். கதவு திறக்கும் நேரத்தில், போகிற போக்கில் கேட்பதுபோல் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

"டீம்ல யார வீட்டுக்கு அனுப்பலாம்னு அது சொல்லுமா?"

முப்பதில் இருபத்தொரு பேர் கேட்டார்கள். நரேனிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை.

"மேகலா, இதுதான் நம்ம பிராடக்ட். வேற எதுவும் வேணாம். இத மட்டும் ஒழுங்கா செஞ்சா போதும்."

கற்றுக்கொடுக்கத் தரவு வேண்டுமே! யாரையெல்லாம் ஏன் அனுப்பினோம் என்று எந்தக் கம்பெனியும் எழுதிக் கொடுக்காது. எங்கள் மாடலைக் கட்டிக்கொண்டிருந்த இம்தியாஸ் ஆம்பூர்க்காரன். சிரிக்காமல் நக்கலடிப்பான். அவன் வந்து என் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"மேகலா, மாதிரிக்கு ஒரு நாப்பது உரையாடல் எழுதிக் குடு. நிறுவனர் என்ன கேப்பாரு, டீம் மெசேஜ் எப்படி இருக்கும், தோள் என்ன சொல்லணும். அத நான் பெருக்கி நாலாயிரமா ஆக்கிக்கறேன். அப்புறம் நிஜ ஆளுங்க வந்துட்டா அவங்ககிட்டயே கத்துக்கும்."

டிசைனர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மாதிரித் திரையில் 'பெயர்', 'செய்தி' என்று வெறுமனே விடமாட்டோம். நிஜம்போலத் தெரியும் ஓர் ஆளைப் போடுவோம். அதைவிட மோசமான இன்னொரு பழக்கம், ஒரு சட்டகத்தைச் செய்துவிட்டு அதையே நகலெடுத்து, பெயரையும் வயதையும் மாற்றிவிட்டு அடுத்ததுக்குப் போவது. எனக்கு இருந்தது ஒரு வாரம். வெளியேற்றப்பட வேண்டிய ஊழியர் என்று ஓர் ஆள் தேவைப்பட்டது. மனதில் சட்டென்று வந்தவர் செல்வராணி அக்கா.

முந்தைய வேலையில், அம்பத்தூரில் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்த கம்பெனியில், நாலு வருஷம் எனக்கு எதிர் இருக்கை அவர். நாங்கள் செய்வதை வெளியே விடுவதற்கு முன் சோதித்துப் பார்க்கும் வேலை. கோவில்பட்டிக்காரர், தமிழ் மீடியம், இரண்டு பிள்ளைகளுக்காக ஆறு வருஷம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அவர் அனுப்பும் எல்லா மெசேஜும் ஒரே மாதிரி தொடங்கும். 'ஒரு சின்ன சந்தேகம்.' அதைப் பார்த்ததும் நாங்கள் ஐயோ என்போம். ஏனென்றால் அவருடைய சின்ன சந்தேகத்துக்குப் பின்னால் எங்களுக்கு இரண்டு நாள் வேலை காத்திருக்கும். சந்தேகம் ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. அதைத்தான் நான் எழுதாமல் விட்டேன்.

எழுதியது இதைத்தான். கூட்டம் முடியும் நேரத்தில் ஓர் ஊழியர் 'ஒரு சின்ன சந்தேகம்' என்கிறார். எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். மறுநாள் இன்னொரு சந்தேகம். நிறுவனர் தோளிடம் கேட்கிறார். தோள் நிதானமாகச் சொல்கிறது: இவர் நல்லவர், ஆனால் உங்கள் வேகத்துக்கு இவர் பொருந்தவில்லை. நரேனுக்குப் படித்துக் காட்டினேன். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "இப்படி ஒரு ஆள் எல்லா ஆபீஸ்லயும் இருக்காங்க மேகலா!" எனக்குக் குஷி தாங்கவில்லை. அதையே நகலெடுத்தேன். பெயர்களை மாற்றினேன், ஊர்களை மாற்றினேன், நாற்பத்தைந்து வயதை ஐம்பத்திரண்டாக்கினேன். சந்தேகத்தை மட்டும் மாற்றவில்லை. நாற்பதாவதுக்கு வரும்போது எனக்கே சலித்துவிட்டது. அதில் மட்டும் நிறுவனர், 'இல்லை, இவர் இருக்கட்டும்' என்று சொல்வதாக எழுதி முடித்தேன்.

தோள் வெளியே வந்தது. ஒரு வருஷத்துக்குள் சென்னை, கோவை, பெங்களூர் என்று ஆயிரத்து நூறு நிறுவனங்கள். அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். குழுவின் மெசேஜ்களையும் வேலைப் பட்டியலையும் தோள் படிக்கும், கூட்டங்களில் பேசுவதையும் கேட்கும். நிறுவனர் கேட்டால் ஒரு பெயர் சொல்லும், காரணம் சொல்லும், கீழே 'ஏற்கிறேன்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் போகிறவருக்கு ஒரு கடிதம் தயாராகும். பதில் அரை விநாடியிலேயே வந்துவிடும். ஆனால் அவ்வளவு சீக்கிரம் வந்தால் நிறுவனர்கள் நம்பவில்லை. அதனால் மூன்று விநாடி தாமதம் வைத்தேன், ஒரு வட்டம் மெல்ல விரிந்து சுருங்கும். அந்த மூன்று விநாடியில் இயந்திரம் எதையும் யோசிப்பதில்லை. மனிதர்களுக்கு மனசாட்சி உறுத்தாமல் இருப்பதற்காக நான் கொடுத்த நேரம் அது. அதற்கு எனக்கு ஒரு விருதுகூடக் கிடைத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரத்தில் செல்வராணி அக்காவின் போன் வந்தது. பேசி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

"மேகலா, நல்லாருக்கியா? வேலையா இருக்கியோ?"

"இல்லக்கா, சொல்லுங்க. எங்க இருக்கீங்க இப்ப?"

"வீட்லதான். மறுபடியும் அனுப்பிட்டாங்கம்மா. எட்டு மாசத்துல இது ரெண்டாவது." பிறகு அவரே சொன்னார். "ஆனா ஒண்ணு. மனசு நோகாம அனுப்புனாங்க. லெட்டர் அவ்வளவு தன்மையா எழுதியிருக்காங்க. வாசிக்கட்டா?"

வாசித்தார். 'உங்கள் கவனமும் பொறுமையும் எங்கள் தொடக்க நாட்களில் துணை நின்றன. இந்த முடிவு உங்கள் திறமையைப் பற்றியதல்ல. அடுத்த இடத்தில் உங்கள் மதிப்பை அறிந்தவர்கள் கிடைப்பார்கள் என்று மனமார நம்புகிறோம்.' ஒவ்வொரு வரியும் என்னுடையது. அந்த 'மனமார' என்ற சொல்லைப் போடலாமா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்திருக்கிறேன்.

"யாரோ நல்ல மனசுக்காரங்க எழுதுனது போல" என்றார் அக்கா. "அழுகை வந்துருச்சு எனக்கு."

டப்பாவை மூடிவிட்டேன். இரண்டு கம்பெனிகளின் பெயரையும் கேட்டு வாங்கி எங்கள் வாடிக்கையாளர் பட்டியலில் தேடினேன். இரண்டும் இருந்தன.

இம்தியாஸிடம் ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் முதன்முறையாக நக்கல் செய்யாமல் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"சோதிச்சுப் பாத்துடலாம். ஒரே ஊழியர், ஒரே வயசு, ஒரே வேலைத்திறன். பத்து கம்பெனிக்குள்ள போடுவோம். ஒரு தடவ மெசேஜ்ல சந்தேகம் கேக்கற மாதிரி, இன்னொரு தடவ கேக்காத மாதிரி."

இருபது நிமிடத்தில் முடிவு வந்தது. சந்தேகம் கேட்காத ஆளை எங்கேயும் அனுப்பச் சொல்லவில்லை. கேட்டவரைப் பத்தில் ஒன்பது கம்பெனியில் அனுப்பச் சொன்னது.

"எங்கேர்ந்து கத்துக்கிச்சு இத?" என்றேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"உன்னோட நாப்பதுலேர்ந்துதான். அதுக்கு மொத மொதல்ல காட்டுன உலகமே அதுதானே? கேள்வி கேக்கறவங்க போயிடுவாங்க. அவ்ளோதான் அதுக்குத் தெரிஞ்சது."

நரேனிடம் போனோம். அவருக்கு அன்றைக்கு முதலீட்டாளர் சந்திப்பு, முகத்தில் பொறுமையில்லை. விளக்கினேன். சரியாகச் சொன்னால் கெஞ்சினேன்.

"ஒருத்தங்க இல்ல நரேன், இந்த மாதிரி எத்தனை பேரு போயிருப்பாங்க! ஆயிரத்து நூறு கம்பெனி!"

"கஸ்டமர் யாராவது புகார் பண்ணாங்களா?"

"எப்படிப் பண்ணுவாங்க? புகார் பண்ற ஆளத்தான் அனுப்பிட்டாங்களே."

அவர் சிரிக்கவில்லை. இம்தியாஸைப் பார்த்து, "அந்த நாப்பத எடுத்துட்டு ஒரு வெர்ஷன் ஓட்டிப் பாரு. ஆனா ஒரு வாரம்தான்" என்றார். அந்தளவுக்கு அவர் நல்லவர் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

இம்தியாஸ் என் நாற்பதையும் அதிலிருந்து பெருக்கிய நாலாயிரத்தையும் வேரோடு எடுத்துவிட்டு, இந்த ஒரு வருஷத்தில் நிறுவனர்கள் நிஜமாக எடுத்த முடிவுகளை மட்டும் வைத்துத் தோளுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்தான். வெள்ளிக்கிழமை காலையில் அதே சோதனையை ஓட்டினோம். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

பத்துக்குப் பத்து.

"என்ன இது, கூடிடுச்சு!" என்றேன்.

"கூடாதா பின்ன? இது உன்கிட்ட கத்துக்கல. அவங்ககிட்ட கத்துக்கிச்சு. நீயாவது நாப்பதுல ஒருத்தங்கள விட்டு வெச்சிருந்த. இவங்க யாரையும் விடல." அவன் திரையை அணைத்தான். "இத சொன்னா நீ சந்தோஷப்படுவியா அழுவியான்னு தெரியல மேகலா. தப்பு உன்னோடது இல்ல. நீ எழுதலன்னாலும் இங்கதான் வந்து நின்னிருக்கும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. நாலு நாளாகக் குற்ற உணர்ச்சியில் வெந்துகொண்டிருந்தேன், அதையும் பிடுங்கிக்கொண்டால் எப்படி? சும்மா இருக்க மனம் வரவில்லை. புதிதாக அறுபது உரையாடல்கள் எழுதினேன். சந்தேகம் கேட்ட ஊழியரால் கம்பெனி பிழைத்த அறுபது கதைகள், ஒன்றைக்கூட நகலெடுக்கவில்லை. நரேன் முனகிக்கொண்டே சேர்க்கச் சொன்னார். சந்தேகக்காரர்களை வைத்துக்கொள்ளுங்கள் என்று தோள் சொல்ல ஆரம்பித்தது. நிறுவனர்கள் 'வேறு ஆலோசனை' என்ற பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்கள், தாங்கள் நினைத்த பெயர் வரும்வரை. பதினாறு நாளில் தொண்ணூறு பேர் சந்தாவை ரத்து செய்தார்கள். பதினேழாம் நாள் என் அறுபது கதைகளையும் எடுத்துவிட்டார்கள். பழைய நாற்பதைத் திரும்பப் போட்டுவிட்டான் இம்தியாஸ். பத்தில் ஒருவராவது தப்புவாரே என்று.

இதற்கிடையில் அக்காவுக்கு ஒரு வேலை கிடைத்தது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளுக்கு மையங்களில் நேரம் ஒதுக்கித் தரும் செயலி. கிண்டியில் அலுவலகம். நிறுவனர் பெயர் கீர்த்திவாசன். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார். அக்காவின் கணவர் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு படுத்திருந்தார், வீட்டில் வேலைக்குப் போகக்கூடியவர் இவர் ஒருவர்தான். மூன்றாவது இடத்திலும் அனுப்பிவிட்டால் நாற்பத்தாறு வயதில் நான்காவது இடம் கிடைக்காது. இதை அவரே சொன்னார், எனக்கும் தெரியும்.

கீர்த்திவாசனும் எங்கள் வாடிக்கையாளர். அவர் தோளை எப்படிக் கையாள்கிறார் என்று கவனிக்கப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மரியாதையான மனிதர். அப்பா டயாலிசிஸுக்கு அலைந்து அலைந்து இறந்தபிறகு இந்த வேலையை ஆரம்பித்தவர். வட்டம் விரிந்து சுருங்கும் மூன்று விநாடியில் நிஜமாகவே கண்ணை மூடிக்கொள்வார்.

அக்கா வேலையில் சேர்ந்த அன்று மாலை வேளச்சேரியில் அவரைச் சந்தித்தேன். தோளைப் பற்றிச் சொன்னேன். அந்தக் கடிதத்தை எழுதியது யாரென்று மட்டும் சொல்லவில்லை. நாற்பது உரையாடல்களைப் பற்றியும் சொல்லவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன பெயர் அதற்கு?

"மெஷினு என்னய ஏன் பிடிக்கலங்குது?" என்று கேட்டார்.

"நீங்க சந்தேகம் கேக்கறீங்கக்கா. அது எழுத்துல தெரியுது. மூணு மாசம், மூணே மாசம், எதுவும் கேக்காதீங்க. மெசேஜ்ல 'சரி', 'முடிஞ்சது', 'சூப்பர்' இந்த மூணுதான். கூட்டத்துலயும் வாயத் தொறக்காதீங்க, அதையும் அது கேக்குது."

"எம் பொழப்பே அதானம்மா. சந்தேகப்படத்தான சம்பளம் குடுக்காங்க?"

"நிரந்தரம் ஆனப்புறம் படுங்க. இப்ப நான் சொல்றதக் கேளுங்க."

கேட்டார். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு மெசேஜையும் எனக்கு அனுப்பிக் காட்டிவிட்டுத்தான் அங்கே அனுப்பினார். நான் திருத்திக் கொடுத்தேன். 'இது சரியாக வருமா?' என்பதை எடுத்துவிட்டு 'சிறப்பாக வந்திருக்கிறது' என்று போட்டேன். பிறகு அவரே கற்றுக்கொண்டார்.

மூன்று மாதம் முடிந்தது. நிரந்தரம் செய்துவிட்டார்கள். அந்த சனிக்கிழமை மதியம் அக்கா என்னைச் சாப்பிட அழைத்தார். விஜயநகர் பக்கம் ஒரு மெஸ். புதுப்புடவை, தலையில் பூ, என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உன்னால்தான், உன்னால்தான் என்று நாலு தடவை சொன்னார். எனக்கு மனம் குளிர்ந்துபோனது. பாவத்தில் பாதியைக் கழுவிவிட்டேன் என்றே நினைத்தேன்.

மோர் ஊற்றிக்கொள்ளும்போது அக்கா தானாகவே சொன்னார், ஊர்க்கதை சொல்வதுபோல்.

"ஒரே ஒரு தடவதான் வாய் நமநமன்னுச்சு. போன மாசம் இருவதாம் தேதிவாக்குல. ஒரு பேசண்டு ஒரு மையத்துலேர்ந்து இன்னொரு மையத்துக்கு மாறுதாங்கன்னு வையி, மாசம் பொறந்ததும் அவங்க நேரம் தானா அழிஞ்சிருது. வேற பேருக்குப் போயிருது. டெஸ்ட் பண்ணும்போது பாத்தேன். கேட்ருவோமான்னு டைப்பும் பண்ணிட்டேன். பொறவு நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டு?"

"'சூப்பர்'னு போட்டேன்."

அன்றைக்குத் தேதி நான்கு. மாதம் பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. டயாலிசிஸ் நோயாளிக்கு நாலு நாள் என்பது என்ன என்று கீர்த்திவாசன் தன் அப்பாவைப் பற்றிப் பேசும்போது எனக்குச் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, அது வெளிய போயிடுச்சா? இப்ப நடந்துகிட்டு இருக்கா?"

அவர் கை இலையிலேயே நின்றுவிட்டது. "யாராச்சும் பாத்திருப்பாங்கன்னு நெனச்சேன்." பிறகு, தனக்குள் பேசுவதுபோல்: "பாக்கதுக்கு நான் ஒருத்திதான இருக்கேன் அங்க."

"போன் பண்ணுங்க அவருக்கு. இப்பவே."

"மேகலா, நேத்துதான் நிரந்தரம் பண்ணியிருக்காங்க. ரெண்டு வாரமா தெரிஞ்சும் சொல்லலன்னு தெரிஞ்சா? வேணாம்மா. திங்கக்கெழம நான் புதுசா பாத்த மாதிரி சொல்லிருதேன்."

திங்கள்கிழமைவரை காத்திருக்க முடியாது. கைகூடக் கழுவாமல் இடது கையால் கீர்த்திவாசனை அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் பதறவில்லை.

"ஒரு நிமிஷம் மேடம், பாத்துடறேன்." மறுபக்கம் விசைகள் தட்டும் ஓசை, பிறகு ஒரு மூன்று விநாடி. "இல்லயே மேடம். தோள்கிட்ட கேட்டேன். இந்த மாசம் டீம்ல யாரும் எந்தப் பிரச்சினையும் எழுப்பலன்னு சொல்லுது. டெஸ்டிங்ல 'சூப்பர்'னு வந்திருக்கு."

"சார், அத விடுங்க. மையம் மாறுனவங்க லிஸ்ட எடுத்துப் பாருங்க."

"உங்களுக்கு யார் சொன்னாங்க? வெளியாளுக்கு எப்படித் தெரியும் இது?"

எதிரே அக்கா தலையை ஆட்டினார். வேண்டாம், வேண்டாம் என்று. சோற்றுக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். பெயர் சொல்லாவிட்டால் கீர்த்திவாசன் எழுந்து போய்ப் பார்க்க மாட்டார் என்று எனக்குப் பட்டது. அது நிஜம்தானா, வேறு வழி இருந்ததா என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"செல்வராணி" என்றேன். "டெஸ்ட் பண்ணும்போதே பாத்திருக்காங்க."

அக்கா என் கையை விட்டுவிட்டார். எழுந்து கைகழுவப் போனார். திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. மெஸ்காரர் பாயசம் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று அவரிடம்தான் சொன்னார்.

பதினான்கு பேரின் நேரம் அழிந்திருந்தது. கீர்த்திவாசன் அன்று மாலைக்குள் பதின்மூன்று பேருக்கு இடம் பிடித்துவிட்டார், ஒவ்வொரு மையமாக நேரில் போய். பதினான்காவது ஆள் தாம்பரத்தில் இருந்த ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் தணிகாசலம். இரண்டு முறை மையத்துக்குப் போயிருக்கிறார், உங்கள் பெயர் பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாம் முறை ஆம்புலன்ஸில் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இறந்துவிட்டார்.

அக்கா என் போனை எடுக்கவில்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று முயன்றேன். மெசேஜ் அனுப்பினேன், படித்ததற்கான அடையாளம் வந்தது, பதில் வரவில்லை.

புதன்கிழமை கீர்த்திவாசன் அழைத்தார். குரல் கம்மியிருந்தது. தணிகாசலத்தின் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றார்.

"செல்வராணிய அனுப்பிட்டேன் மேடம். உங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு எனக்குத் தெரியும், அதான் நானே சொல்றேன். இதுக்கு நான் தோளக் கேக்கல. இது என்னோட முடிவு."

"சார்..."

"ரெண்டு வாரமா தெரியும் அவங்களுக்கு. ஒரு வார்த்த கேட்டிருந்தா அந்த மனுஷன் உயிரோட இருந்திருப்பாரு. எங்கப்பா முகம்தான் எனக்கு வருது. கண்ணால பாத்துட்டு 'சூப்பர்'னு போட்டிருக்காங்க. நீங்களே சொல்லுங்க மேடம், அப்படி ஒருத்தங்கள வெச்சுக்க முடியுமா?"

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஏன் சொல்லலன்னு அவங்களக் கேட்டீங்களா?" என்றேன்.

"கேட்டேன். பத்து நிமிஷம் உக்காந்து கேட்டேன். யாராவது சொல்ல வேணாம்னு சொன்னாங்களான்னுகூடக் கேட்டேன். இல்ல சார், என் தப்புதான்னுட்டாங்க. பையத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

நான் நின்றுகொண்டிருந்தது எங்கள் அலுவலக வராந்தாவில். கீழே பல் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு குழந்தை உள்ளே வரமாட்டேன் என்று அலறிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டிய வாக்கியம் எனக்குத் தெரியும். நான்தான் சார் பேசாதீங்கன்னு சொன்னேன். நாலு சொல். அதைச் சொன்னால் அவர் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் தோளைச் சொல்ல வேண்டும், தோளைச் சொன்னால் நாற்பதைச் சொல்ல வேண்டும், நாற்பதைச் சொன்னால் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கண்மூடுவதைக் குறிப்பெடுத்தவள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லணும் மேடம்" என்றார் அவர், எனக்கு முன்னால். "உங்களுக்கு எங்க கம்பெனியில என்ன இருக்கு? ஆனாலும் சாப்பிட்டுட்டு இருந்தவங்க போன் பண்ணிக் கேட்டீங்க. பதின்மூணு பேரு உங்களாலதான் இன்னைக்கு வீட்ல இருக்காங்க. உங்கள மாதிரி தைரியமா கேக்கற ஆள்தான் மேடம் எங்களுக்கு வேணும்."

"நன்றி சார்" என்றேன்.